இன்ஸ்பெக்‌ஷன் நாட்களில் பிக்னிக் போனவர்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், நான் ஹத்தா மலையடிவாரத்துப் பேரீச்சந்தோட்டம் ஒன்றில் வாய்க்கால் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னோடு இன்னும் ஐந்து டீச்சர்கள். ஒருத்தி புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள், ஒருத்தி ஹிந்திப் பாட்டு பாடினாள். அன்று விடுமுறையும் இல்லை, எங்களில் யாருக்கும் உடம்புக்கு முடியாமலும் இல்லை. துபாய்க்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது எனக்கு. வேலை நாளில் டீச்சர்களை வண்டி வைத்து ஊர்சுற்றக் கூட்டிப்போகிற பள்ளிக்கூடத்தை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. முதல் தடவை என்பதால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை மத்தியானம் வரைக்கும்தான். திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமி, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அன்று பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். கல்வி அதிகாரிகள் வந்து வகுப்பு வகுப்பாகப் பார்ப்பார்கள், ஒவ்வொரு டீச்சருக்கும் பாடம் நடத்த அரசாங்கத்தின் அப்ரூவல் இருக்கிறதா என்று காகிதம் கேட்பார்கள். அப்ரூவல் இல்லாத நாங்கள் ஆறு பேரும் அந்த நேரத்தில் கட்டடத்துக்குள் இருக்கக்கூடாது. அதற்குத்தான் இந்த வண்டியும் புளிச்சோறும். "பிக்னிக்னு நினைச்சியளாக்கா? நம்மள ஒளிச்சு வைக்கக் கொண்டாந்திருக்காவ" என்று சொல்லிவிட்டு, உரித்த சுளையில் பாதியை என் கையில் வைத்தாள்.

நான் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துச் சொல்ல வராது. அதனால் எங்கள் நிலைமையை நேராகவே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அல் குசைஸ் பக்கம் நம்மவர்கள் பிள்ளைகளை அனுப்புகிற பல பள்ளிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கணவரின் விசாவில் வந்தவள். என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாத் தாளில், வீட்டு மனைவி, வேலை செய்ய அனுமதியில்லை என்று அச்சடித்திருக்கும். நாகர்கோவிலில் ஏழு வருடம் பாடம் நடத்தியவளை ஒரே வரியில் அடுப்படியில் கொண்டுபோய் உட்கார வைத்த தாள் அது. என் பட்டங்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் முத்திரை வாங்கப் போய், எந்த மேசையிலோ படுத்துக்கிடந்தன. அவை வந்தால் அப்ரூவல் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. பிலோமிக்கு அதுவும் இல்லை. அவள் பி.எட். தபாலில் படித்தவள், அது அங்கே செல்லாது. அப்ரூவல் வராது என்று தெரிந்தேதான் அவளை வைத்திருந்தார்கள், தெரிந்தேதான் அவளும் இருந்தாள்.

ஊரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. அது ஒரு சின்ன எய்டட் பள்ளி. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் டீச்சர் போஸ்ட் போய்விடும். அதனால் அதிகாரி வருகிற அன்று, பக்கத்துத் தெருவில் இருக்கிற ஆங்கிலப் பள்ளியிலிருந்து பதினைந்து இருபது பிள்ளைகளைச் சொல்லிக் கூட்டிவந்து, எங்கள் பெஞ்சுகளில் இடைஇடையே உட்காரவைப்போம். அதிகாரிக்கும் தெரியும். "பிள்ளைகள் எல்லாம் ஷூ போட்டிருக்காங்களே" என்று சிரித்துக்கொண்டே இளநீர் குடித்துவிட்டுப் போவார். அங்கே இல்லாத பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தோம், இங்கே இருக்கிற டீச்சர்களைக் கொண்டுபோய் மறைக்கிறார்கள் என்று பிலோமியிடம் சொன்னபோது, வண்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அவளுக்குப் பெரிய குரல். நாலாம் வகுப்பு சி பிரிவில் அவள் தாவரங்களைப் பற்றிப் பேசினால், இரண்டு அறை தள்ளி என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதில் சொல்லும். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. அந்தப் பக்கத்தில் கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்தான் எல்லோருக்கும் என்பாள்.

அதற்குப் பிறகு வருடத்தில் நாலைந்து தடவை போயிருப்போம். விடிகாலையில் சூப்பர்வைசர் மேடத்திடமிருந்து போன் வரும். இன்று பிக்னிக், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். இன்ஸ்பெக்‌ஷன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. போகிற இடத்துக்கும் சட்டம் உண்டு. மால் கூடாது, பார்க் கூடாது, கடற்கரை கூடாது. பிள்ளைகளின் அம்மாமார் யாராவது பார்த்துவிட்டால், வகுப்பு நேரத்தில் டீச்சருக்கு இங்கே என்ன வேலை என்று கேள்வி வரும். ஆகவே எங்களைக் காட்டுக்கும் மலைக்கும்தான் கொண்டுபோவார்கள். ஹத்தா, மசாஃபி, தைத் பக்கத்துத் தோட்டங்கள். நாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பார்த்திராத ஊர்களையெல்லாம் நாங்கள் பார்த்தோம். செம்மண் நிறத்தில் மணல், அதைத் தாண்டினால் ஒரு புல்கூட முளைக்காத கருமலை, அதன் மடியில் திடீரென்று பத்துப் பேரீச்ச மரமும் ஓர் ஆட்டுப்பட்டியும். குளிர்காலத்தில் அந்த மலைக்காற்று நன்றாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம். ஒளிந்துகொள்ளப் போன இடத்தில் அந்தாக்‌ஷரி பாடினோம், மீன் வறுவலைப் பங்கு போட்டோம், ஃபிலிம் கேமராவில் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டோம்.

ஒரு ஜனவரி மாதம் தைத் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, அந்தத் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார். வயதான அரபி, கையில் பிரம்பு. எங்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு எங்கள் டிரைவர் குல்கானைத் தனியே கூப்பிட்டு என்னவோ கேட்டார். குல்கான் பெஷாவர்காரர், ஐம்பது வயதிருக்கும், அரபி நன்றாகப் பேசுவார். அவர் கைகளை ஆட்டி மறுத்துக்கொண்டே, முதர்ரிசா, முதர்ரிசா என்றார். டீச்சர்கள் என்று அர்த்தம். விஷயம் இதுதான்: வேலை நாளில் ஆறு இந்தியப் பெண்கள் ஒரு பட்டானோடு மரத்தடியில் இருப்பதைப் பார்த்து, வீட்டை விட்டு ஓடிவந்த வேலைக்காரிகள் என்று நினைத்துவிட்டார் கிழவர். இவர்களுடைய கஃபீல் யார், அதாவது விசா கொடுத்த முதலாளி யார், போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். டீச்சர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறிப்போனது. வீட்டுக்குள் போய் காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொண்டுவரச் சொல்லி, எங்கள் முன்னால் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஒன்று கேட்டார். குல்கான் அதை எங்களுக்கு ஹிந்தியில் சொன்னார். நீங்கள் ஆறு பேரும் இங்கே இருக்கிறீர்கள், பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள்? நான் இன்றைக்கு லீவு என்று சொல்லச் சொன்னேன். அவருடைய பேரப்பிள்ளைகள் அன்று காலைதான் பள்ளி வண்டியில் ஏறிப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. கிழவர் பிரம்பை ஊன்றி எழுந்துவிட்டார். அடுத்த கோப்பை காவா வரவில்லை.

ஊருக்கு அனுப்பிய படங்களில் இந்த மரத்தடியும் உண்டு. பார்த்துவிட்டு என் அண்ணன், உனக்கென்னம்மா, சம்பளத்தோடு டூர் என்று எழுதினான். நான் மறுத்து எழுதவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிற வளைகுடா அக்காமாருக்கு இது புரியும். ஊரில் இருப்பவர்களுக்கு நாம் சந்தோஷமாக இருந்தாக வேண்டும். பிலோமியும் மறுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியம் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வெல்டர். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய் இருட்டிய பிறகு வருகிற மனிதர். அவரிடமே அவள் முழுதாகச் சொன்னதில்லை. அப்ரூவல் இல்லை என்று தெரிந்தால் பயந்துபோய் வேலையை விடச் சொல்லிவிடுவார் என்பாள். டீச்சராக இருப்பதற்கு அவளுக்கு அந்த ஒரு பள்ளிக்கூடம்தான் இருந்தது. வேறு எதையும் விட அதைத்தான் அவள் பயத்தோடு காப்பாற்றிவந்தாள்.

நான் வந்த மூன்றாவது வருடம், ஜூன் மாதம். வெயில் காலத்தில் அதிகாரிகள் வரமாட்டார்கள் என்ற கணக்கு அந்த வருடம் தப்பிவிட்டது. காலை போன் வந்தபோது, இந்த வெயிலில் எங்கே போவது மேடம் என்று கேட்டேன். வண்டியில் ஏசி இருக்கிறதே, வண்டிக்குள்ளேயே உட்காருங்கள் என்றார். அதற்குள் நான் அந்த ஆறு பேருக்கும் ஒரு மாதிரி லீடர் ஆகியிருந்தேன். இங்கிலீஷ் வரும், மொபைல் இருந்தது, என் பட்டங்களும் ஒருவழியாக முத்திரை வாங்கி வந்து சேர்ந்திருந்தன. அடுத்த மாதம் உங்களுக்கு அப்ரூவல் என்று மேடம் வாயாலேயே சொல்லியிருந்தார். எப்போது திரும்பி வரலாம் என்று அவர் எனக்குத்தான் சொல்வார், நான் குல்கானுக்குச் சொல்வேன்.

பத்தரை மணிக்கே ஏசி அனல்காற்றை ஊதத் தொடங்கியது. இன்ஜின் கொதிக்கிறது என்று குல்கான் வண்டியை ஓர் ஓடைக்குள் இறக்கி, பாறை நிழல் இருந்த இடத்தில் நிறுத்தினார். குளிர்காலத்தில் நாங்கள் கால் நனைத்த ஓடைதான். இப்போது ஒரு சொட்டு தண்ணீர் இல்லை, வெள்ளைக் கற்கள் மட்டும் கிடந்தன. பதினொன்றரைக்குப் பாறை நிழலும் போய்விட்டது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது. பிலோமி காலையிலிருந்தே தலைவலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் முழுதும் காய்ச்சல், லீவு எடுத்தால் வேண்டாதவள் ஆகிவிடுவேன் என்று அதோடு வகுப்புக்கு வந்தவள். வண்டிக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று இறங்கி, வண்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தாள். முதலில் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தோம். ஆதித்யா, அனிஷா, அஃப்ரா என்று நாலாம் வகுப்பு சி பிரிவின் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்திப் பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வராவிட்டால் கோபமாக அதே பெயரை மறுபடி சொன்னாள். தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது நெற்றி. ஒரு துளி வியர்வை இல்லை. எங்களோடு வந்த ஹைதராபாத் டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டாள். குல்கான், ஹத்தா ஆஸ்பத்திரி இருபது நிமிடம்தான், வண்டி அதுவரை போகும், ஏறுங்கள் என்றார்.

நான் மொபைலை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறினேன். மேடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். அதிகாரிகள் இன்னும் ஆபீஸில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாரிடம் வேலை பார்க்கிறாள், எந்த வண்டியில் வந்தாள் என்று கேட்பார்கள். வண்டியில் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதியிருக்கிறது. ஈரத்துணி போடுங்கள், அரை மணி நேரம் பொறுங்கள் என்றார். பிறகு, ஸ்டெல்லா மிஸ், உங்கள் ஃபைலும் இன்றைக்குத்தான் அவர்கள் மேசையில் இருக்கிறது என்றார். நான் இறங்கி வந்து குல்கானிடம், வெயிட் பண்ணச் சொல்கிறார்கள் என்றேன். மிச்சமிருந்த தண்ணீரில் துப்பட்டாவை நனைத்துப் பிலோமியின் தலையில் போட்டேன். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மேட்டில் ஏறினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் அதே பதிலை வாங்கிக்கொண்டு இறங்கி, குல்கானிடம் அதையே சொன்னேன். அவர் இரண்டாம் தடவையே சாவியைக் கையில் எடுத்துவிட்டார், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். அதற்குள் பிலோமி பெயர் சொல்வதை நிறுத்தியிருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்று அன்றைக்கு நம்பினேன், அதற்குப் பிறகும் நம்பிக்கொண்டே இருந்தேன்.

நாற்பது நிமிடம் கழித்துக் குல்கான் என்னைக் கேட்கவில்லை. அவளைத் தூக்கி இருக்கையில் கிடத்திவிட்டு வந்து என்னிடம் சொன்னார். "மேடம், நவ்கரி தூஸ்ரா மிலேகா. யே பெஹன் தூஸ்ரா நஹி மிலேகா." வேலை இன்னொன்று கிடைக்கும், இந்தத் தங்கை இன்னொருத்தி கிடைக்கமாட்டாள். படிக்காத மனிதருக்குப் போட்டுக் காட்டாமலே தெரிந்த கணக்கு அது. எனக்கு நாற்பது நிமிடமும் தெரியவில்லை. தெரிந்தும் செய்யவில்லை என்று எழுதுவதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். ஒரு மலையாளி நர்ஸ் ஓடிவந்து ஐஸ் வைத்தாள், டாக்டர்கள் என்னென்னவோ செய்தார்கள். ஒரு ஃபாரத்தை என்னிடம் நீட்டினார்கள். தொழில் என்ற இடத்தில், வீட்டு மனைவி என்று எழுதினேன். எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறாள் என்று நர்ஸ் கேட்டதற்கு, இப்போதுதான், பத்து நிமிடம் இருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிலோமி உயிர் பிழைத்தாள். ஆனால் வெயில் மூளையில் நடையையும் பேச்சையும் ஆளுகிற இடத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள். எழுந்து நின்றால் தள்ளாடினாள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு அரை நிமிடம் ஆனது. அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

நாலாவது நாள் மேடம் எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்திட்ட தோழிகளாகிய நாங்கள், பிலோமியுடன் எங்கள் சொந்த விருப்பத்தில் அன்று உல்லாசப் பயணம் சென்றோம், இதில் எந்த நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. பேனாவை முதலில் என்னிடம்தான் நீட்டினார்கள். நான் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். குல்கானைக் கேட்கவே இல்லை, அவரை அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆரோக்கியம் பள்ளிக்கூடத்துக்கு வந்து விசாரித்தபோது, அந்தத் தாளின் நகலை அவர் கையில் கொடுத்து, எங்கள் நிரந்தர டீச்சர் பட்டியலில் அவள் பெயரே இல்லையே என்றிருக்கிறார்கள். அது காகிதப்படி உண்மைதான். அடுத்த மாதம் எனக்கு அப்ரூவல் வந்தது. நாலு மாதம் கழித்து ஆரோக்கியம் வேலையை முடித்துக்கொண்டு அவளை ஊருக்குக் கூட்டிப்போனார். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. அன்று எனக்கு மாதத் தேர்வு கண்காணிப்பு என்று காரணம் வைத்திருந்தேன்.

நாலு வருடம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். லீவில் வந்தவள், திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போனால் மனுஷியா என்று தோன்றியது. ஆட்டோ எடுத்துக்கொண்டு போனேன். கடலைப் பார்த்த சின்ன ஓட்டு வீடு, முன்னால் படகு இன்ஜின் ஒன்று கழற்றிப் போட்டபடி கிடந்தது. ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, வாங்க டீச்சர் என்று அப்படியொரு மரியாதையோடு உள்ளே கூப்பிட்டார். பிலோமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து, அக்கா என்றாள். அந்த ஒரு சொல் தெளிவாக வந்தது.

ஆரோக்கியம் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். துபாய் எப்படி இருக்கிறது, அந்தப் பெரிய கட்டடத்தைக் கட்டி முடித்துவிட்டார்களா என்றெல்லாம் கேட்டார். பிறகு அவரே அந்தப் பேச்சுக்கு வந்தார். குறையாகச் சொல்லவில்லை, என்னிடம் ஆறுதலுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"இவ இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கா டீச்சர். பள்ளிக்கூடத்து வண்டியிலதான் போனோம், அவியதான் அனுப்புனாவன்னு. கோயில்ல பங்குச் சாமியார்ட்டயும் சொல்லிருக்கா. வெயிலு மூளைல ஏறிட்டு, அப்படித்தான் பேசுவாவன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நானும் ஒண்ணும் எதுத்துப் பேசுறதில்ல. லீவு போட்டுட்டு நாலு பேரு சேந்து சுத்தப் போறது தப்பா? அதச் சொன்னா நான் என்ன அடிக்கவா போறேன்? நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிய."

பிலோமி என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடமாக அவள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கட்டினவர், சாமியார், உறவு என்று ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாததற்கு அவள் தடுமாறுகிற நாக்கு ஒரு காரணம், என் கையெழுத்து இன்னொரு காரணம். ஒருத்தியின் உடம்பைக் கெடுத்தது போதாதென்று, அவள் சொல்லையும் நான் பைத்தியத்தின் சொல்லாக ஆக்கிவைத்திருந்தேன். வெட்கத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

"அவ சொல்றதுதான் உண்மைண்ணே" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். பிக்னிக் என்றால் என்ன என்பதிலிருந்து, தாளில் கையெழுத்துப் போட்டது வரைக்கும் சொன்னேன்.  முடிந்ததும் அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். அந்த நகல். மடிப்பு மடிப்பாக, ஓரம் பழுத்திருந்தது. அதை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

"நாலு வருசமா இவள நான் பைத்தியம்னுலா எல்லார்ட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து வைத்தார். இதை வைத்து யார் மீதும் கேஸ் போடப் போவதில்லை என்றார். சாமியாரிடம் காட்ட வேண்டும், அவள் அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். அவருக்கு வேண்டியிருந்தது தமிழில் ஒரு தாள்.

நான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இன்ஸ்பெக்‌ஷன், வண்டி, வெயில், ஏசி, மேடம் சொன்னது, பொய்த் தாள், எல்லாம் எழுதினேன். ஆரோக்கியம் வாங்கிப் பார்க்காமல், அவளிடம் கொடுங்கள் என்றார். பிலோமி தாளை மடியில் வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தாள். வெகுநேரம் ஆனது. வெளியே யாரோ வந்து இன்ஜின் ரெடியா என்று கேட்டார்கள், ஆரோக்கியம் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். படித்து முடித்து, பரீட்சைத் தாளை விடுபட்ட பதிலுக்காகத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"குல்கான்… போவலாம்னாரு. நீங்க… வேண்டாம்னிய. மூணு மட்டம். எனக்குக்… கேட்டுதுக்கா. அது… இதுல இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்கிற பொறுமையோடு சொன்னாள். அதைச் சொல்லி முடிக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. என் வேலையை, என் ஃபைலை, மேடத்தின் குரலைக் காரணமாகச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தாளைத் திரும்ப வாங்கி, டிரைவர் மருத்துவமனைக்குப் போகலாம் என்று மூன்று முறை சொன்னார், நாற்பது நிமிடம் தடுத்து நிறுத்தியவள் நான், என்று எழுதி அவளிடம் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். ஆரோக்கியம் அந்த வரியைப் படித்தார். அதற்குப் பிறகு அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில், இடம் என்று எழுதிப் புள்ளி வைத்துவிட்டு நின்றேன். துபாய் என்று போடக் கை போனது. அந்த ஊர்க் காகிதங்களில் நான் அன்றைக்கு உல்லாசப் பயணம் போனவள். நாகர்கோவில் என்று போடலாம் என்றால், அங்கே என் வீட்டில் எல்லோருக்கும் நான் வருடம் முழுதும் மலையும் தோட்டமும் சுற்றிப் பார்க்கக் கொடுத்துவைத்தவள். உட்கார்ந்திருந்த அந்தக் கடற்கரை ஊரின் பெயரை எழுதுகிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆரோக்கியம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இடத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமலேயே தாளைக் கொடுத்தேன்.